எலுமிச்சம்பழமும் ஒரு பொட்டலம் பவுடரும்

பிளீச்சிங் பவுடரின் வாடை மூக்கில் ஏறுவதற்கு முன்பே தொண்டைக்குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிதம்பரத்தில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் மருத்துவமனையில், காலை ஷிப்டில் தரை துடைக்க அதைத் தண்ணீரில் கரைக்கும்போதெல்லாம், ஜன்னல்கள் திறந்திருந்தாலும், கையில் உறை மாட்டியிருந்தாலும், எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது.

அப்போது நாங்கள் அண்ணாகிராமத்துப் பக்கம் இருந்தோம். கோடை விடுமுறையில் அம்மாவும் அக்கா செல்வியும் வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைப்பார்கள். கொட்டையின் ஓட்டில் இருக்கும் ‘பாலு’ பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள், ஆனாலும் வைகாசி பிறப்பதற்குள் இருவர் உள்ளங்கையும் அடுப்பில் வைத்த சட்டியின் அடிபோல ஆகிவிடும். அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அக்கா கவலைப்பட்டாள், ஏனென்றால் அந்த வருஷம் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள், திங்கட்கிழமை சிதம்பரத்தில் நர்சிங் படிப்புக்கு நேர்காணல் இருந்தது. இந்தக் கையைப் பார்த்தால் ஏதோ தோல் வியாதி என்று நினைத்துவிட மாட்டார்களா என்று பக்கத்து வீட்டு அத்தை சாதாரணமாகத்தான் கேட்டார். அதன்பிறகு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், உடைத்த பருப்பை வியாபாரியிடம் கொடுத்துவர அம்மா போயிருந்த நேரத்தில், அக்கா என்னைத் தண்ணீர்த் தொட்டிக்கு அனுப்பினாள். ஊர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுகிறவரை நாங்கள் ‘டேங்க் மாமா’ என்போம். கிணற்றுக்கு என்று பொய் சொல்லி ஒரு பொட்டலம் வாங்கிவர வேண்டும். அவரும் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார், கொடுக்கும்போது என் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: “வெறும் தண்ணியிலதான் போடணும். வேற எதயும் கலக்கக் கூடாது, கையில படவே கூடாது. வீட்டுல சொல்லிடு, மறந்துடாத.”

வரும் வழியில் இரண்டு முந்திரிப்பழம் பொறுக்கித் தின்றேன், தொண்டை கமறியது, சட்டையில் கறை பட்டது, எல்லாம் நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து பொட்டலத்தைக் கொடுத்தேன். அவர் சொன்னதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா தகரக் கதவு போட்ட குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். பேசினில் பவுடரைக் கொட்டிக் கரைத்துக் கையை ஊறவைத்தாள், கறுப்பு சட்டென்று போகாததால், பித்தளையையே பளபளக்க வைக்கிற சாமான் கையை என்ன செய்துவிடும் என்று இரண்டு எலுமிச்சம்பழத்தையும் அதிலேயே பிழிந்தாள். பிளீச்சிங் பவுடரோடு புளிப்பு சேர்ந்தால் நுரையீரலைத் தீய்க்கிற வாயு கிளம்பும் என்பது எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? முதலில் இருமல் கேட்டது, அப்புறம் கதவை உதைக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. நான் போட்ட கூச்சலில் அத்தை ஓடிவந்து தகரத்தைப் பிய்த்து அவளை வெளியே இழுத்துப் போட்டார்.

கடலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூச்சு திரும்பிவிட்டது. கையில் கறுப்பு போயிருந்தது, தோலும் போயிருந்தது. திங்கட்கிழமை வந்து, அவள் கட்டிலில் இருக்கும்போதே போய்விட்டது.

அதன்பின் தொடங்கிய அரிப்பு இருக்கிறதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பொழுது சாய்ந்தால் அவள் கையைப் பாயில் தேய்ப்பாள். யாரோ சொன்னார்கள் என்று அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூச, எரிச்சல் தாங்காமல் துடித்தாள். கடைசியில் பானைத் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணியும், ஆஸ்பத்திரியில் கொடுத்த ‘ரோஸ் மருந்து’ என்கிற காலமைன் லோஷனும்தான் கேட்டன. துணி காயக் காய நனைத்துப் போடுவது என் வேலை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், ஈரத்துணியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன்.

அக்கா மறுபடி விண்ணப்பம் போடவில்லை. கொட்டை உடைத்தாள், கல்யாணம் ஆகியும் உடைத்தாள். என்னை மட்டும் ஒரு கொட்டையைத் தொட விட்டதில்லை. “ஒன் கையாவது நல்லா இருக்கட்டும்” என்பாள். அவளுக்குத் தப்பிப்போன அதே நேர்காணலுக்கு, பல வருஷம் கழித்து, வெள்ளைக் கையோடு நான் போனேன். என்னுடைய சீருடையை முதல்முதலாக இஸ்திரி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

போன மாதம் அக்கா தோல் டாக்டரைப் பார்க்கச் சிதம்பரம் வந்திருந்தாள். சுடுதண்ணீர் ஊற்றாதே, சொறியாதே, கழுவி ஈரம் காய்வதற்குள் வாசலின் தடவு என்று டாக்டர் சொன்னதை என் வீட்டில் அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன். டேங்க் மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தகரக் கதவுக் குளியலறை இருந்த இடத்தில் யாரோ மாடி வீடு கட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் கொட்டை உடைப்பது இப்போது மெஷின். இனி இவளிடம் சொல்லாவிட்டால் சொல்வதற்கு ஆளே கிடையாது என்று தோன்றவே, மாமா சொல்லி அனுப்பியதையும் நான் சொல்லாததையும் சொல்லிவிட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீ சொன்ன பாப்பா. நாந்தான் காதுல வாங்கல” என்றாள்.

நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். இல்லை என்று தலையாட்டினேன்.

“நான் சிதம்பரம் போயிட்டா யாருகூட படுத்துக்குவேன்னு, பவுடர் வாங்கப் போனதுக்கு மொத நாளு அழுதியே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள்.

அழுதது எனக்கு ஞாபகமில்லை. ஆனால், நான் மறக்கவில்லை, அவள் போய்விடக் கூடாது என்று வேண்டுமென்றேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது என்பது அப்போது புரிந்தது. அக்கா மற்றொரு கையையும் என் மடியில் வைத்து, “இதுக்கும் தடவு” என்றாள்.