ஓரகத்தி சொன்ன சாட்சி

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவளுக்கு அரசு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கடைகளில் பிடித்து அனுப்பும் மாத்திரையைப் பொடித்து, கரைத்து, மெஷினில் விட்டு, லேபிளில் போட்ட அளவு மருந்து உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறவள். இளையவள் அரசு வக்கீல். மூத்தவள் கண்டுபிடித்ததை இளையவள் கோர்ட்டில் நின்று பேசுவாள். இதில் யார் பெயர் வெளியே தெரியும் என்று நான் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

மாமியார் மனதில் கள்ளம் கிடையாது, வாய்தான் சும்மா இருக்காது. யார் வந்தாலும் "எங்க வக்கீல் பொண்ணு" என்று தொடங்கிவிடுவாள். மூத்தவளைப் பற்றிக் கேட்டால், "அவளும் ஏதோ மாத்திரை இடிக்கிறா" என்று முடித்துவிடுவாள். பேப்பரில் வந்த இளையவளின் படம் கண்ணாடி போட்டுக் கூடத்தில் தொங்கியது. அதற்கு ஆணி அடித்தவன் மூத்தவளின் புருஷன். அந்த ஆணிக்காக அவன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அப்போதுதான் வலிப்பு மாத்திரை விவகாரம் வந்தது. ஒரு தையல்காரர் வேளை தவறாமல் மாத்திரை போட்டும் வேலையில் இருக்கும்போதே வலிப்பு வந்து மெஷின் மேல் விழுந்தார். ஊசி விரலைத் துளைத்துவிட்டது. மருந்து ஆய்வாளர் கடைக்குப் போய், அதே மாத்திரையை எடுத்து முத்திரை வைத்து அனுப்பினார். மூத்தவள் சோதித்தாள். லேபிளில் போட்டதில் பாதிகூட உள்ளே இல்லை. மறுபடி சோதித்தாள். அதேதான்.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். பேனாவைத் திறந்தவளுக்குக் காலையில் மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது காதில் ஒலித்தது. "இந்தத் தடவை பெரிய கம்பெனி. எங்க வக்கீல் பொண்ணு அவனை உண்டு இல்லன்னு பண்ணிடுவா. படம் பெருசா வரும், அந்த ஆணி தாங்குமான்னுதான் தெரியல."

பேனாவை மூடினாள். ரிப்போர்ட் டிராயருக்குள் போனது. நாளைக்குப் போடலாம் என்று அன்றைக்கு நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். ரிப்போர்ட் போகாமல் மாத்திரையை நிறுத்த முடியாது, கடையில் அது விற்றுக்கொண்டுதான் இருக்கும். அவளுக்கு அது தெரியாததல்ல. வீட்டில் இளையவள், "அக்கா, ரிப்போர்ட் என்னாச்சு?" என்று கேட்டதற்கு, "உனக்கென்ன, பேசினா முடிஞ்சுது. எங்க வேலை அப்படியா? மெஷின் ரிப்பேர்" என்று வெட்டிவிட்டாள்.

இப்படி மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒருநாள் ஆய்வாளர் வந்து, அதே மாத்திரை சாப்பிட்ட வாத்தியார் ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டார் என்றார். மூத்தவள் டிராயரை இழுத்து ரிப்போர்ட்டை எடுத்தாள். அவரை நிற்கவைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் மூத்தவள், எதிரே இளையவள். கம்பெனி வக்கீல் வீட்டு விவரம் முழுக்க விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. இது ரெண்டு பேரும் சேர்ந்து சமைச்ச ரிப்போர்ட்" என்றார். அதற்கு அவள் பதில் சொல்லுமுன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொந்த அண்ணன் மாதிரி கேட்டார். "மூணு வாரம் ஏம்மா ஆச்சு? மெஷின் சரியில்லையா? இருந்தா சொல்லுங்க, அதனால என்ன."

மூத்தவளுக்குப் பொறி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆமாம் என்றால் அவள் மானம் தப்பும். கெட்டுப்போன மெஷின் சொன்ன கணக்கை எந்தக் கோர்ட்டும் ஏற்காது, கம்பெனிக்காரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். இளையவள் தோற்பாள். படம் வராது. ஆணிக்கும் வேலை இல்லை. ஒரு நொடி, அந்த நினைப்பு நாக்கில் தேனாகத்தான் இனித்தது. பொய் சொல்வானேன்.

பின்வரிசையில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். மடங்காத விரலை மற்ற கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. ரிசல்ட் அன்னைக்கே வந்துடுச்சு. நான்தான் கையெழுத்து போடாம டிராயர்ல வெச்சிருந்தேன்" என்றாள்.

"ஏன்?"

"இவ என் ஓரகத்தி. கேஸ் ஜெயிச்சா இவளுக்குப் பேர் வந்துடும்னு வயித்தெரிச்சல். அதான். சேர்ந்து சமைச்சோம்னு சொல்றீங்களே, அப்படி சமைக்கிறவளா இருந்தா அன்னைக்கே சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க மாட்டேனா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். கம்பெனி வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனி முதலாளிக்கு ஜெயில். மூத்தவளுக்கும் ஆபீசில் விளக்கம் கேட்டு, பதவி உயர்வை நிறுத்திவைத்தார்கள். பேப்பரில் இளையவளின் படம்தான் வந்தது, முன்னைவிடப் பெரிதாக. மாமியார் அதை மடித்து அலமாரியில் வைத்தாள். ஆணி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அன்று பாத்திரம் கழுவும் இடத்தில் இருவர் மட்டும். இளையவள் துடைக்கும் துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, இப்பவும் என் மேல அந்த வயித்தெரிச்சல் இருக்கா?"

மூத்தவள் கழுவிய தட்டை அவளிடம் நீட்டினாள்.

"லேபிள்ல போட்ட அளவு அப்படியே இருக்கு. துடைச்சு வை."