சித்தியின் தோளில் உட்கார்ந்த பூச்சி

அம்மாவுக்குக் காரியம் செய்த அன்று எங்கள் வீட்டுக்குள் ஒரு பூச்சி வந்தது. அது எது என்று கேட்டவர் ஒருவர்தான், என் மாமா. மற்ற எல்லோரும் அது யார் என்றுதான் கேட்டார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. கடமலைக்குண்டுக்குத் தள்ளி, மலையடிவாரத்தில் எங்கள் வீடு. உயிர் பிரிந்த இடத்தில் காரியம் முடியும்வரை விளக்கு அணையக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் சித்தி, அம்மாவின் தங்கை. எட்டாவது தேறி, மதுரையில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்து, டிரங்குப் பெட்டியில் துணிமணி அடுக்கிக்கொண்டிருந்த சமயத்தில் சாவுச் செய்தி போயிருக்கிறது. அழுதுகொண்டு ஓடிவந்தாள். வந்தவளைத் திருப்பி அனுப்பும் உத்தேசம் இங்கே யாருக்கும் இல்லை. அக்கா போன இடத்தில் தங்கையை உட்காரவைப்பது எங்கள் சனங்களுக்குப் பழைய பாயை எடுத்துவிட்டுப் புதுப்பாய் போடுகிற மாதிரிதான். அப்பாவுக்கு அவளைப் போல இரண்டு பங்கு வயது. அதை யாரும் ஒரு பேச்சாக எடுக்கவில்லை.

சித்தி முடியாது என்றாள். தாத்தா இறந்துவிட்டதால் முடிவு அவளுடைய அண்ணன் கையில், அதாவது என் மாமா கையில் இருந்தது. கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அவர், தங்கச்சி இஷ்டமில்லாமல் செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்தார். சித்தி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தெம்பாக இருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் வந்தது அது. என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாலும் மூடமுடியாத அளவு. விளக்கைச் சுற்றிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்ற சித்தியின் தோளில் உட்கார்ந்தது. சிறகெல்லாம் அரக்கு நிறம். அம்மாவை அரக்குச் சேலை கட்டித்தான் அனுப்பியிருந்தோம்.

"ஏத்தா, அசையாத!" என்று அத்தை அலறினாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். "உங்கக்காதான் வந்திருக்கா. யாரு தோள்ல உக்காந்திருக்கான்னு பாத்தீகளா? எம்பிள்ளய நீ பாத்துக்கன்னு கேக்குறா!"

பெண்கள் குலவையிடாத குறைதான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி அசையாமல் நின்றபடியே மாமாவைக் கூப்பிட்டாள். "அண்ணே, இது என்னன்னு நல்லாப் பாத்துச் சொல்லுண்ணே." குரல் நடுங்கியது. பூச்சிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் அந்தப் படிப்பாளி.

"கடிக்காது, பயப்படாத" என்று, எங்கே போனாலும் பையில் கொண்டுபோகும் பூதக்கண்ணாடியோடு வந்தவர் வாயைப் பிளந்தார். இப்படியொன்றை அவர் கண்ணால் கண்டதே இல்லையாம். அதே பையிலிருந்த பூச்சிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் படங்களைப் புரட்டினார். சிறகு நுனியில் பாம்புத்தலை போல இருந்ததைப் பார்த்தார், நடுவில் கண்ணாடி போலத் தெரிந்த இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அந்த வீட்டில் சாவு விழுந்ததையே மறந்துவிட்டார்.

"அட்லஸ்! காட்டுல இருக்குற விட்டில் மதினி. வெளிச்சத்துக்கு வந்திருக்கு" என்றார் அத்தையிடம். "மீசையப் பாருங்க, எறகு கணக்கா இருக்கு. பொட்டைக்கு இம்புட்டு அகலமா இருக்காது. இது ஆம்பள."

சித்தி சிரித்துவிட்டாள். "கேட்டீகளா மதினி? ஆம்பளையாம். எங்கக்கா இல்ல!"

அத்தை பூச்சியையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். சித்தி தப்பித்துவிட்டாள் என்றுதான் இன்று நினைத்தாலும் தோன்றுகிறது, ஒரு மூச்சு நேரத்துக்கு.

"ஆம்பளையா?" என்ற அத்தை சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப உங்கய்யால்ல வந்திருக்காக! மக பிடிவாதம் பண்றான்னு பெத்த தகப்பனே நேர்ல வந்து சொல்றாக. இதுக்கு மேல அண்ணன்காரன் என்ன சொல்லணும்?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். சித்தியும் பார்த்தாள். பூச்சியை ஆணென்று கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதருக்கு, அது தன் அப்பா இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தைரியத்தை எந்தக் கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறார்கள்? புத்தகத்தை மூடினார். "அய்யாவே சொல்லிட்டாகன்னா நான் என்னத்தச் சொல்ல" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். பூச்சிக்குச் சூடம் காட்டினார்கள். அதுவரைக்கும் சித்தி அந்தக் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

அந்த மாதமே கல்யாணம். சித்தி இனி எங்கேயும் போகமாட்டாள் என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். "இனிமே அம்மான்னு கூப்பிடணும்" என்றாள் அத்தை. நானும் ஆசையாக ஓடிப்போய் "அம்மா" என்றேன். மாலையோடு உட்கார்ந்திருந்தவள் என் வாயைப் பொத்தினாள்.

"வேணாம்டி. நீ மட்டுமாவது என்னயச் சித்தின்னே கூப்பிடு."

சித்திக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து, பந்தியில் சாப்பிடாமல் அழுதேன். தாயில்லாப் பிள்ளை ஏங்குகிறது என்று வந்தவர்களெல்லாம் என்னைத்தான் தேற்றினார்கள்.