மார்ச் வரை தள்ளிப்போட்ட கட்டி

எங்கள் ஊரில் வெல்டா கோஸ்டெலிடம் தலையைக் கொடுக்காதவர்கள் குறைவு. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மாட்டுச் சந்தைக்கு எதிரே, ஒற்றை நாற்காலி போட்ட சலூன் அவளுடையது. சொந்தத் தொழில் என்பதால் மருத்துவக் காப்பீட்டையும் அவளே வாங்க வேண்டும். அதை விற்கிற கம்பெனி எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்று. கடை வாடகையைவிட அதன் மாதத் தவணை அதிகம். அதை அவள் கட்டிவந்தும் கம்பெனி பட்டியலில் உள்ள டாக்டரிடம் போனால்தான் செலவைக் கொடுப்பார்கள். ஊர் டாக்டர் ப்ரூயிட் அந்தப் பட்டியலில் இல்லை.

மாதம் ஒருமுறை அவர் அவளிடம் முடிவெட்டிக்கொள்ள வருவார். அக்டோபரில் அப்படி அவர் வந்தபோது நான் தலையில் சாயத்தோடு காத்திருந்தேன். வெல்டா கத்தரியை நிறுத்தாமலே கேட்டாள்.

“டாக்டர், மார்ல கட்டி இருந்து, வலியே இல்லேன்னா பயமில்லதானே? தெரிஞ்சவ ஒருத்தி கேக்கச் சொன்னா.”

ப்ரூயிட் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். “அந்தத் தெரிஞ்சவளை நாளைக்குக் காலைல கிளினிக் வரச் சொல்லு, வெல்டா.”

“வந்தா?”

“நான் பாக்குறதுக்குக் காசு வேண்டாம். ஸ்கேன் எடுக்கணும், சதை எடுத்துப் பாக்கணும். அதுக்கு ஆஸ்பத்திரி பில் போடும். நான் அனுப்பினா இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது. அதுல என் பேச்சு எடுபடாது.”

“அப்ப அவ வீட்டை வித்துட்டுத்தான் வரணும். தலையைக் குனிங்க.”

அவர் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். பட்டியலில் இருந்தவர்களுக்கு ஏற்கெனவே போன் போட்டிருந்தாள். ஒருவர் ஊரை விட்டே போயிருந்தார். இன்னொருவர் புதிதாக யாரையும் பார்ப்பதில்லை. மூன்று மணி நேரம் காரோட்டிப் போகிற தூரத்தில் ஒரு பெண் டாக்டர் பிப்ரவரிக்கு நேரம் கொடுத்தாராம்.

“அதுக்கு அடுத்த மாசம் மார்ச்சே வந்துரும். எனக்கு அறுபத்தஞ்சு ஆகுது. வயசானவங்களுக்கு கவர்மெண்ட் குடுக்குற மெடிகேர் காப்பீடு வந்துட்டா ராணி மாதிரி ப்ரூயிட்கிட்டயே போவேன்.”

எங்கள் ஊரில் இது விநோதப் பேச்சு அல்ல. மூட்டு, கண்புரை, குடலிறக்கம் எல்லாம் அறுபத்தைந்துக்காகக் காத்திருக்கும். அந்தப் பிறந்தநாள் கழிந்த கையோடு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் உண்டு.

அவள் கணவன் மைலோ பண்ணையில் வேலை பார்ப்பவன். “மாட்டுக்கு ஒண்ணுன்னா அன்னிக்கே டாக்டர் வர்றாரு. நீ மாடாப் பொறந்திருக்கலாம்டி” என்றான்.

“பொறந்திருந்தா இந்நேரம் என்னைச் சந்தையில வித்திருப்ப.”

குளிர்காலத்தில் அவளால் இடது கையைத் தூக்க முடியவில்லை. எங்களைத் தாழ உட்காரவைத்து வேலையை முடித்தாள்.

மார்ச் முதல் தேதியே ப்ரூயிட்டிடம் போனாள். அதற்குள் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது. மைலோ அவளை டென்வர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கேயே கிடந்தால் ஒன்றிரண்டு மாதம் கூடக் கிடைக்கலாம் என்றார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

“இப்ப யாரை வேணும்னாலும் பாக்கலாம், வெல்டா. இன்னொருத்தரைக் கேப்போம்” என்று மைலோ கெஞ்சினான்.

“எனக்கு ப்ரூயிட் போதும்.”

அவர் வீட்டுக்கே வந்தார். வலிக்கு மருந்து கொடுப்பதைத் தவிர அவருக்கு வேலை எதுவும் மிச்சமில்லை. ஒருநாள் கட்டிலோரம் உட்கார்ந்து, “அன்னிக்கே உன்னை இழுத்துட்டுப் போயிருக்கணும்” என்றார்.

“போயிருந்தா பில்லைப் பாத்தே செத்திருப்பேன்.”

மைலோ எழுந்து வெளியே போனான். ஜூன் மாதம் அவளைப் புதைத்தோம்.