முடி முளைத்த கரித்தூசி

எங்கள் படுக்கையறைச் சுவருக்கும் எனக்கும் நடந்த சண்டையில் ஜெயித்தது சுவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நான் வீரம் பேசுவேன். அதைக் கேட்டு யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

திருவொற்றியூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று வரும் என்று வீடு காட்டியவன் சொன்னான். வந்தது. கூடவே கரியும் வந்தது. துறைமுகத்து நிலக்கரி லாரியிலிருந்து பறக்கிறதா, குவித்து வைத்த இடத்திலிருந்து பறக்கிறதா, புகைபோக்கியா என்று கேட்டால் ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். கொடியில் போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் மிளகு தூவிய ஆம்லெட்டாகத் திரும்பி வரும். எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் கறுத்திருந்தால் அது கரித்தூசி. பிறந்ததிலிருந்து இருக்கிற ஞானம். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு சாயங்காலம் தெரு முழுக்க ஏதோ நாற்றம் அடித்துக் கண் எரிந்தது. “கேஸு லீக்காம்!” என்று யாரோ கத்தினார்கள். ஓடினேன். மனைவியை விட்டுவிட்டு ஓடினேன் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிவது அபாண்டம். படியில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஓடினேன். தெருமுனையில் மூச்சு வாங்கும்போதுதான் கையில் டிவி ரிமோட் இருப்பதைப் பார்த்தேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். அப்படிப்பட்டவள் கதவைப் பூட்டி, முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தாள்.

“இன்னாய்யா, கேஸு வந்தா சேனல மாத்திக்கலாம்னு பாத்தியா?”

தெருவே சிரித்தது. மறுநாளே வீட்டை அடைக்க ஆரம்பித்தேன். அவள் நெஞ்சுக்காக என்று ஊருக்குச் சொன்னேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அந்த ரிமோட்.

ஜன்னலுக்கு ரப்பர் வைத்த கண்ணாடிக் கதவு, இடுக்கெல்லாம் சிலிக்கான் பசை. பாத்ரூம் வெண்டிலேட்டரில் தெர்மாகோல். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு ஓட்டைக்கு பிளாஸ்டிக் ஷீட். வெயில் இறங்காமலிருக்க மேலே தெர்மாகோல் திணித்து ஃபால்ஸ் சீலிங், ஒரு ஏசி. எறும்புகூட காலிங்பெல் அடித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெளியே காயப்போட்டால் கரி படும் என்று ஹாலிலேயே கொடி கட்டினேன். சோறு வடிக்கிற ஆவி, வெந்நீர் ஆவி, ஈரத்துணி ஆவி எல்லாம் எங்களோடு குடும்பம் நடத்தின.

மழைக்காலத்தில் பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்தது. விரலால் தேய்த்தேன், விரலும் கறுத்தது.

“பாத்தியா, கரி உள்ள பூந்துட்டான்!” என்றேன்.

எந்த வழியாகப் புகுந்தான் என்று கண்டுபிடிக்க ஊதுவத்தி கொளுத்தி மூலைக்கு மூலை பிடித்தேன். புகை கம்பி மாதிரி நேராக நின்றது. வீட்டில் காற்றே அசையவில்லை. மூளை உள்ளவனுக்கு அங்கேயே உறைத்திருக்கும். நான் கடைக்குப் போய் இன்னொரு டியூப் சிலிக்கான் வாங்கிவந்தேன்.

அடைக்க அடைக்கக் கறுப்பு படர்ந்தது. என் பெல்ட்டில் பச்சை பூத்தது. துவைத்த சட்டை துவைக்காத சாக்கு மாதிரி நாறியது. காலையில் எழுந்தால் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும் சத்தம். பனிக்காலத்தில் மட்டும் தேடுகிற இன்ஹேலர் பஃப்பைத் தினமும் இழுத்தாள்.

“ஜன்னல கொஞ்சம் தொறயேன்யா.”

“தொறந்தா செத்துருவ!”

“மூடிவெச்சே அதுக்குத்தான போய்க்கினு கீறேன்.”

நான் ஜன்னல் கண்ணாடி வழியாகப் புகைபோக்கியைப் பார்த்து, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் திட்டினேன். அதற்குக் காது கிடையாது.

கரித்தூசிக்காக மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரை வரவழைத்து ஒரு குறைகேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், தெருவைத் திரட்டினார். “அவனவன் வூட்டு ஜன்னல தொடச்ச துணிய எடுத்துகினு வாங்க, மேடையில பரப்பிடலாம்” என்றார். எல்லோரும் ஜன்னல் விளிம்பைத் துடைத்தார்கள். என்னிடம்தான் படுக்கையறை வரைக்கும் வந்த ஆதாரம் இருந்ததே! ஈரத்துணியால் சுவரைத் துடைத்து, ஆதாரம் உதிர்ந்துவிடக் கூடாதென்று பாலிதீன் பையில் இறுக்கக் கட்டிச் சில நாள் முன்னாலேயே பத்திரப்படுத்திவிட்டேன்.

மேடையில் வரிசையாகத் துணிகள். என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து, “என் பொண்டாட்டி மூச்சுக்குப் பதில் சொல்லுங்க!” என்று கர்ஜித்துவிட்டுப் பையைப் பிரித்தேன். முதலில் நாற்றம் வந்தது. பிறகு துணி. அதற்கு முடி முளைத்திருந்தது. வெள்ளையும் பச்சையுமாக, பூனை முதுகு மாதிரி.

அதிகாரி ஒரு அடி பின்வாங்கினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன்.

“சார், இது கரி இல்ல. பூஞ்சை. உங்க வீட்டு ஈரத்துல வளர்றது.” மற்ற துணிகளையும் ஒரு பார்வை பார்த்தார். “இதெல்லாமும் அந்த மாதிரிதானா?”

மண்டபம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. “யோவ் மாமு, கரிய கொண்டாரச் சொன்னா காளான் பயிர் வெச்சிகினு வந்துகீற?” என்றார் எதிர்வீட்டுக்காரர். “உன்னால எங்க துணியும் பூட்ச்சி!” என்று ஓர் அம்மாள் கத்தினாள். நான் விடுவேனா? “கரியில தண்ணி பட்டா முடி மொளைக்கும்” என்று வாதாடினேன். அப்படித்தான் வாயில் வந்தது.

அப்போது பெண்கள் வரிசையில் மனைவி இரும ஆரம்பித்தாள். நிற்கவில்லை. பஃப்பை இழுத்துவிட்டு எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்தாள்.

“இத்தத்தான் நான் இத்தினி நாளா இழுத்துகினு கீறேனா?”

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் தோசைக்கரண்டியை எடுத்து ஜன்னல் சிலிக்கானைச் சுரண்ட ஆரம்பித்தாள். “வேணாம், கரி நேரா உள்ள அடிக்கும்” என்று குறுக்கே நின்றேன். “நகரு.” ஒரு ஜன்னல் முடிவதற்குள் இரைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டியை மட்டும் என் பக்கம் நீட்டினாள். வாங்கிச் சுரண்டினேன். வெண்டிலேட்டர் தெர்மாகோலைப் பிடுங்கியதும் சாக்கடையும் கருவாடும் கரியும் கலந்த காற்று முகத்தில் அறைந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் நெஞ்சு நிறைய இழுத்து விட்டாள்.

மறுநாள் அவளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவரைத் தேய்த்தேன். ஃபால்ஸ் சீலிங்கைப் பிய்த்தால் அதன் முதுகெல்லாம் கறுப்பு. எக்ஸாஸ்ட் ஃபேன் பழைய இடத்துக்கே போனது. துணிக்கொடி மொட்டைமாடிக்கு ஏறியது. வேட்டி மறுபடி ஆம்லெட் ஆனது.

அவளுக்கு இரைப்பு போய்விடவில்லை. குறைந்திருக்கிறது. பூனைக்குட்டி பெரும்பாலும் தூங்குகிறது. ஆனால் தோசைமாவை மூடிவைத்த தட்டில் கறுப்பு விழுகிறது. எந்தக் கறுப்பில் அவள் கொஞ்சம் கம்மியாக இரைப்பாள் என்று தேர்ந்தெடுக்கலாம். இந்த ஊர் எங்களுக்குக் கொடுத்த உரிமை அவ்வளவுதான். நன்றி சொல்கிற எண்ணம் எனக்கு இல்லை.

அடுத்த கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். நேற்று ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது.

“மாமு, ரெண்டு நாள் வெச்சிருந்து பாரு. முடி மொளைக்கலன்னா எடுத்துகினு வா!”

பதிலுக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து துணியை என் கையிலிருந்து பிடுங்கினாள். விரித்தாள், வெயிலில் காட்டினாள், உதறினாள். தூள் பறந்தது.

“இது அசல் கரிண்ணா! நானே வந்து மேடையில காட்டறேன்” என்று எதிர்மாடிக்குக் கத்திவிட்டு, மூச்சு வாங்காமல் என் பக்கம் திரும்பினாள். “நீ ரிமோட்ட மட்டும் எடுத்துகினு வா.”