லீவு லெட்டரில் வந்த காய்ச்சல்

எட்டாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த டீச்சருக்குக் கமாவும் புல்ஸ்டாப்பும்தான் உயிர். லீவு லெட்டரைக்கூட இங்கிலீஷில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். ‘ரெஸ்பெக்டட் மேடம்’ எழுதிவிட்டு ஒரு கமா. பிறகு, ‘அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’. அதற்குப் பின்னால் இன்னொரு கமா. ஒன்று விட்டுப்போனாலும் லெட்டர் சிவப்பு மையோடு திரும்பி வரும். பத்துத் தடவை எழுத வேண்டும்.

அவர் போர்டில் எழுதிப்போட்டது அந்த ஒரே ஒரு லெட்டர்தான். திருமங்கலத்தைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த நாங்கள் எல்லோரும் அதையே மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். பருத்தி எடுக்கப் போனாலும் காய்ச்சல், கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல். காதுகுத்துக்கு இங்கிலீஷில் என்னவென்று யார் கண்டது? சொந்தமாக ஒரு வரி எழுதிவிட்டுக் கமாவை எங்கே போடுவது என்று முழிப்பதற்குக் காய்ச்சலே தேவலை. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை, சத்தியமாக.

அப்பா விவசாயி. தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் வாசிப்பார், இங்கிலீஷ் தெரியாது. நான் நீட்டுகிற லெட்டரின் அடியில் நிதானமாகத் தன் பெயரை எழுதித் தருவார். மகள் இங்கிலீஷில் எழுதுகிறாள் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. என் லெட்டரில் ஒரு கமாகூடத் தப்பாது என்று எனக்கும் திமிர் இருந்தது.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக் கோ-கோ டீமில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஒத்தக்கடையில் மேட்ச். அதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் திரிந்தேன். மேட்ச்சுக்கு முந்தின வாரம் திருப்பரங்குன்றத்தில் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. வழக்கம்போலக் காய்ச்சல் லெட்டர் கொடுத்துவிட்டு இரண்டு நாள் போய்விட்டு வந்தால், டீமில் என் பெயர் இல்லை.

விளையாட்டு டீச்சர் என்னைத் தேடியிருக்கிறார். இங்கிலீஷ் டீச்சர் என் லெட்டர்களை எடுத்துக் காட்டியிருக்கிறார். மாசா மாசம் காய்ச்சலில் படுக்கிற பிள்ளையை வெயிலில் ஓடவிட்டு, மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று விளையாட்டு டீச்சர் கேட்டார். எனக்குக் காய்ச்சலே வரவில்லை என்று அழுதேன். மேட்ச்சுக்காகப் புளுகுகிறேன் என்றார்கள். என்ன கொடுமை! உண்மையைச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்குப் புளுகுணி என்று பெயர் வந்தது.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள், நீங்கள் வந்து சொன்னால்தான் மறுபடி சேர்ப்பார்கள் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். லெட்டரைப் பற்றி மூச்சு விடவில்லை. மறுநாள் அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டாஃப் ரூமில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மாசா மாசம் காய்ச்சல் வருகிற பிள்ளையை எப்படி ஓடவிடுவது என்று விளையாட்டு டீச்சர் அவரிடம் கேட்டார்.

“எம் மக காச்சல்னு ஒரு நாளும் படுத்ததில்ல டீச்சர்” என்றார்.

இங்கிலீஷ் டீச்சர் லெட்டர்களை மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார். ஆறு இருந்தன. ஒவ்வொன்றையும் வாசித்துத் தமிழில் சொன்னார். தேதி மட்டும்தான் மாறியிருந்தது. அப்பா குனிந்து, ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அம்புட்டும் காச்சலா தாயி?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

இங்கிலீஷ் டீச்சருக்கும் சங்கடமாகிவிட்டது. தான் எழுதிப்போட்ட லெட்டர்தான் அது, பிள்ளைமேல் தப்பில்லை என்று ஏதோ சொல்ல வந்தார். அப்பா ஆறு லெட்டரையும் அடுக்கி, அவர் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

“கையெழுத்து என்னுதுதான டீச்சர். பொய்யி எம்பேர்லயே இருக்கட்டும். பிள்ள வெளாடட்டும்.”

விளையாட்டு டீச்சர் பேனாவை எடுத்து டீம் லிஸ்டில் என் பெயரை மறுபடி எழுதினார். அப்பா இரண்டு டீச்சருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.