நாட்றாம்பாளையத்துக்குப் போன ஓ.டி.பி.

ஓசூரில் நானும் என் கணவரும் சிறிய உதிரிபாகப் பட்டறை நடத்துகிறோம். பாகங்களின் டிராயிங்குகளையெல்லாம் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், வைத்திருந்ததால், கம்ப்யூட்டரே போனாலும் கவலையில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒருநாள் காலை கம்ப்யூட்டர் நிஜமாகவே போனது. வேறொன்றில் கிளவுடைத் திறந்தால் ஓ.டி.பி. கேட்டது. அதுவோ, அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்த பழைய சூப்பர்வைசர் முருகேசனின் போனுக்குப் போனது. அவர் வேலையை விட்டுவிட்டு, விவசாயம் பார்க்க மலைப்பக்கம் இருக்கும் தன் ஊரான நாட்றாம்பாளையம் போயிருந்தார். எத்தனை முறை அழைத்தும் லைன் கிடைக்கவில்லை. மாலைக்குள் அதிலிருந்த ஒரு டிராயிங்படி மாதிரி பாகம் செய்து தராவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

மதியம், என் மிஸ்டு கால்களைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மேடம், மேட்டு மேல ஏறினாத்தான் இங்க டவர் கிடைக்குது. இப்ப அனுப்புங்க, சொல்றேன்."

ஆறு எண்களையும் சொன்னார், டிராயிங் திறந்தது.

"நல்லவேளை மேடம், நாளைக்கு இந்த சிம்மைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்னு இருந்தேன்."



அவர் விலகிய அன்று பட்டறைச் சாவியையும் யூனிபார்மையும் மறக்காமல் கேட்டு வாங்கியவள் நான்!

மாதிரி பாகத்தை அனுப்பிய கையோடு, கிளவுடில் என் எண்ணையும் கணவர் எண்ணையும் பதிந்தேன். இப்போது யார் வேலையை விட்டாலும் முதலில் அதைத்தான் சரிபார்க்கிறேன். சாவி அப்புறம். பட்டறைப் பூட்டை உடைத்தாவது உள்ளே போய்விடலாமே!