சொல்லாமல் விட்ட பள்ளம்

நான் அன்று கத்தவில்லை.

கத்தினேன் என்று சொன்னது பொய். கேட்ட எல்லோரிடமும் அதைச் சொன்னேன். விழுந்து கிடந்த மனிதரிடமும் சொன்னேன். இரண்டு ஆண்டுகளாக அவர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையை முதலில் கேட்பவர் நீங்கள்தான்.

ஏன் உங்களிடம்? நீங்கள் அவரை அறியமாட்டீர்கள்... அதனால்தான். என் துணிச்சல் அவ்வளவுதான்!

நான் ஆரணிக்காரன். வேலைக்காக பெங்களூருக்கு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே தொப்பை வளர்த்து, டாக்டர் பயமுறுத்திய பிறகு சைக்கிள் ஓட்டத் தொடங்கியவன். சனிக்கிழமைதோறும் விடிவதற்குள் ஹெப்பால் மேம்பாலத்தின் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். நந்தி மலை அடிவாரம் வரை போய், இட்லி வடை தின்று, வெயில் ஏறுவதற்குள் திரும்புவோம். எங்களுக்குத் தலைவர் மஞ்சுநாத். வங்கியில் வேலை பார்க்கும் கன்னடக்காரர்; எல்லோருக்கும் மஞ்சண்ணா.

கூட்டமாக ஓட்டுவதில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பின் ஒருவராக, முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்தை ஏறக்குறைய உரசும் நெருக்கத்தில் போவோம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவருக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஆனால் அவருக்குச் சாலை தெரியாது. முன்னவரின் முதுகுதான் தெரியும். ஆகவே முன்னால் இருப்பவர் பள்ளத்தைக் கண்டால் கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும், கூடவே கத்தவும் வேண்டும். அடுத்தவர் அதை வாங்கிக் கத்த வேண்டும். கடைசி ஆள் வரை அந்தச் சொல் போய்ச் சேர வேண்டும்.

அந்தச் சொல் என்ன தெரியுமா? சிரிக்காதீர்கள். குண்டி!

கன்னடத்தில் அதற்குப் பள்ளம் என்று பொருள். முதல் நாள் மஞ்சண்ணா முன்னாலிருந்து அதை முழங்க, பத்துப் பேர் பயபக்தியோடு திருப்பிச் சொன்னபோது, நான் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடிப்போயிற்று. பின்னாலிருந்து ஒருவர் தமிழில் சொன்னார்:

"இன்னா தம்பி, ஊருக்குப் புதுசா? உங்க ஊர்ல அது பின்னாடி இருக்கும். எங்க ஊர்ல முன்னாடி வரும். அவ்ளோதான் வித்தியாசம்!"

அவர்தான் ஆரோக்கியராஜ். ஆரோக்கியம் அண்ணா.

லிங்கராஜபுரத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் பழுது பார்க்கும் சின்னக் கடை அவருடையது. தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்த குடும்பம். ஐம்பத்து நான்கு வயது. பழைய இரும்புச் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். எங்கள் பளபளப்பு வண்டிகளுக்கு நடுவே அது நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். ஓடத் தொடங்கினால் நாங்கள்தான் பாவம்.

அவருடைய காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிக்ஸியை ஒரு முறை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "புஷ் தேஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னபடியே இருக்கும். வேறு தெருக்களிலிருந்தெல்லாம் பெண்கள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாலையிலும் அப்படித்தான். பின்னால் நூறு அடி தள்ளி வரும் வண்டியை லாரி, டெம்போ என்று திரும்பாமலே சொல்வார். "சரவணா, உன் செயின்ல எண்ணெய் இல்ல" என்பார். என் செயினில் எண்ணெய் இருக்காது.

என்னிடம் அவருக்கு உண்மையான பிரியம் இருந்தது. அதையும் எழுதியாக வேண்டும்.

ஒன்றரை ஆண்டு ஓட்டிய பிறகு எனக்கு கார்பன் சைக்கிள் மேல் ஆசை வந்தது. ஒரு விரலால் தூக்கிவிடலாம்... கருப்பு உடம்பில் மெல்லிய சிவப்புக் கோடு. கடையில் என் உயரத்துக்கான அளவு இல்லை. இரண்டு அளவு பெரியதுதான் இருந்தது. என் அளவு வர ஆறு வாரமாகும் என்றார்கள். கடையில் நின்றபடியே அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"காத்திரு தம்பி. இது சட்டை இல்ல, லூஸா இருந்தா பரவால்லன்னு போட்டுக்க. செருப்பு மாதிரி. அளவு தப்புனா கடிக்கும்."

நான் காத்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே அந்தப் பெரிய சைக்கிளில் போய் இறங்கினேன். எல்லோரும் சுற்றி நின்று தடவிப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அண்ணா மட்டும் வழி நெடுகத் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார்.

இட்லிக் கடையில்தான் வாயைத் திறந்தார்.

"எட்டலயே கண்ணு உனக்கு! எட்டி எட்டி ஓட்றதுல சீட்டு கிரீச் கிரீச்சுன்னு அழுவுது. நந்தி வரைக்கும் கேட்டுக்கினே வந்தேன். அண்ணன் சைக்கிள தம்பி திருடிக்கினு வந்தாப்பல இருக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சண்ணா வடையை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் வெந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது! இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்! ஒரு கேலிக்கு அப்படி வேகலாமா?

திரும்பும்போது நான் முன்னால் போனேன். வெறியோடு மிதித்தேன். அவரைக் கழற்றிவிட வேண்டும் என்பதே என் எண்ணம். மற்றவர்கள் பின்தங்கினார்கள், திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒரு டிராக்டர் சாலைக்கு வந்து எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே புகுந்தது. அண்ணா மட்டும் விடவில்லை. அந்த இரும்புச் சைக்கிளில் என் பின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தார். மெல்லப் பாட்டு வேறு முணுமுணுத்தார்!

அப்போதுதான் பள்ளத்தைப் பார்த்தேன்.

தொலைவிலேயே பார்த்தேன். திடீரென்று வந்தது, சமாளிக்க நேரமில்லை என்று எத்தனையோ இரவுகள் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன்... இல்லை. நேரம் இருந்தது. என் இடது கை பிடியிலிருந்து எழுந்தது. ஒன்றரை ஆண்டுப் பழக்கம்; கை தானாக எழுந்தது.

எழுந்த கையை மறுபடி பிடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

என்ன நினைத்தேன்? ஒரு குலுக்கு குலுக்கட்டும் என்று நினைத்தேன். சக்கரம் பஞ்சராகி, வழியில் உட்கார்ந்து ஒட்டு போடட்டும், அந்தப் பாட்டு நிற்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். இடுப்பை லேசாக ஒடித்து நான் விலகிப் போனேன். பின்னால் இரும்பு தரையில் விழும் சத்தம் கேட்டது. அவர் குரல் கேட்கவே இல்லை.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. முகத்தில் பாதி ரத்தம். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்... அந்த அழுகை பொய்யில்லை, தயவுசெய்து அதையாவது நம்புங்கள்.

மஞ்சண்ணா வந்து இறங்கினார். பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரவணா, கூகித்யா?" என்றார். கத்தினாயா என்று அர்த்தம்.

"ஹூம்... கூகிதே."

கத்தினேன் என்று சொல்லிவிட்டேன். கன்னடத்தில் எனக்குத் தெரிந்ததே நாற்பது ஐம்பது சொற்கள். அன்று அந்தச் சொல் தடையில்லாமல் வந்தது. தமிழில் கேட்டிருந்தால் தடுமாறியிருப்பேனோ? அப்படி ஒரு சமாதானமும் வைத்திருக்கிறேன்.

மடியில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார்.

"கத்துனியா தம்பி? எனக்குக் கேக்கலயே..."

"கத்துனேன்ணா."

"எனக்குக் கேக்கலயே" என்று மறுபடி சொன்னார். வலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எலும்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. காதின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கூடவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, வயதுக்குத் தகுந்தபடிதான் இருக்கிறது, காது மெஷின் எல்லாம் வேண்டாம் என்றாராம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் என் முன்னாலேயே சத்தம் போட்டார்கள்: "அடுப்படியில நான் முணுமுணுக்கறது வாசல்ல இவருக்குக் கேக்குது. காது போச்சாம்! நீயாவது சொல்லு சரவணா!"

நான் என்ன சொன்னேன்? காபியைக் குடித்தேன்.

அவர் மறுபடி சைக்கிள் ஏறவில்லை. முன்னால் கத்துவது கேட்காதவன் கூட்டத்தில் வந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து என்றார். அந்த இரும்புச் சைக்கிளை எனக்கே தருவதாகச் சொன்னார்; என் உயரத்துக்கு அது கச்சிதம். வேண்டாம் என்றேன். கார்பன் வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் கண்ணில் படுமா என்று நினைத்திருப்பார்.

இங்கே நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதுவரை சொன்னது பாதிதான்.

விழுந்து ஆறு மாதம் கழித்து ஒரு மாலை கடைக்குப் போயிருந்தேன். அண்ணா ஷட்டரைப் பாதி இறக்கினார். பழுது பார்த்து வைத்திருந்த இரண்டு மிக்ஸிகளை ஓடவிட்டார். கடை முழுவதும் இரைச்சல்.

"ரோட்டுக் காத்துச் சத்தம் வேணும்ல, அதுக்குத்தான்" என்றார். "சரவணா, ஒரு ஒத்தாசை பண்ணு. அன்னிக்கு எப்படிக் கத்துனியோ, அதே மாதிரி ஒரு தடவ கத்து. கூட்டாத, குறைக்காத. நான் திரும்பி நிக்கறேன்."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, வகுப்பில் தண்டனை வாங்கியவரைப் போல நின்றார்.

உங்களுக்குப் புரிகிறதா, எத்தனை பெரிய வாசலை அவர் எனக்குத் திறந்து வைத்தார்! உண்மையைக் கூடச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லச் சொல்லியிருந்தால் போதும். முனகுவது போல அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், "அடப்பாவி, இப்படிச் சொன்னா எவனுக்குக் கேக்கும்!" என்று திட்டிவிட்டு, தம் காதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். சோப்ளாங்கி என்ற பெயர் மட்டும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"குண்டீ...!"

தெருவில் யாரோ கைகொட்டிச் சிரித்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் குனிந்து ஷட்டருக்குள் எட்டிப் பார்த்தார். என் தொண்டை எரிந்தது.

அண்ணா உடனே திரும்பவில்லை. முதலில் ஒரு மிக்ஸியை நிறுத்தினார், பிறகு மற்றதை நிறுத்தினார்.

"இவ்ளோ சத்தமாவா கத்துன?"

"ஆமாண்ணா."

"அப்போ சந்தேகமே இல்ல" என்றார். என் தோளைத் தட்டினார். "உம்மேலதான் தப்போன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு தம்பி. மனசுல வெச்சுக்காத."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் என்னிடம்!

ஏன் உரக்கக் கத்தினேன்? தெரியவில்லை. சோப்ளாங்கி என்று பெயர் வாங்க மனம் ஒப்பவில்லையா? ஒரு முறை சொன்ன பொய்யைப் பாதியில் விடக் கூச்சமா? பள்ளத்தின் முன்னால் இருந்த அற்பக் கோபம் கூட அன்று என்னிடம் இல்லை. நிதானமாக நின்று, யோசித்துத்தான் அதைச் செய்தேன்.

அடுத்த வாரமே டாக்டரை வற்புறுத்தி மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாகக் கேட்கிறதாம். எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லையாம். கழற்றி வையுங்கள் என்றால் பயப்படுகிறார். மிக்ஸி வேலையை விட்டுவிட்டார். பல்ப், ஒயர், சுவிட்ச் விற்கிறார். யாராவது மிக்ஸியோடு வந்தால் வேறு கடையைக் கை காட்டுகிறார்.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் ஓட்டுகிறேன். முன்னால்தான் போகிறேன். சின்ன விரிசலுக்கும் கத்துகிறேன். சரவணன் மாதிரி முன்னால் போக ஆள் கிடையாது என்று புதிதாக வருபவர்களிடம் மஞ்சண்ணா சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு மிதிக்கிறேன்.

போன வாரம் அண்ணாவைப் பார்க்கப் போனேன். மருந்துக் கடைக்குப் போக வேண்டும் என்றார். லிங்கராஜபுரம் மெயின் ரோட்டைக் கடந்தால் எதிரிலேயே கடை. சாலை ஓரத்தில் வந்து நின்றோம். பேருந்துகள், ஆட்டோக்கள், இரண்டு பக்கமும் ஹாரன். அவர் என் முழங்கைக்கு மேலே இறுகப் பற்றிக்கொண்டார். லாரிகளுக்கு நடுவே பாடிக்கொண்டே சைக்கிள் ஓட்டிய மனிதர்!

"நீ பாத்துச் சொல்லு தம்பி" என்றார்.

இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"வண்டி வரல. வாங்கண்ணா."

அவர் எந்தப் பக்கமும் பார்க்காமல் காலை எடுத்து வைத்தார்.